பழைய கல் வீடு வாங்கும் முன்: பிரிட்டனில் முழுமையான கட்டட ஆய்வைச் செய்விப்பது எப்படி

மருத்துவமனை வேலையோ வீட்டிலிருந்தே செய்யும் வேலையோ கிடைத்து, லண்டனை விட்டு யார்க்ஷயர் டேல்ஸ், காட்ஸ்வோல்ட்ஸ், கார்ன்வால், வேல்ஸ் என்று குடிபோகிற நம்மவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அங்குள்ள பழைய கல் வீடுகள். தடித்த சுவர், உட்காரும் அளவு ஆழமான ஜன்னல் திட்டு, ஆள் நிற்கக்கூடிய பெரிய கணப்பு, பின்னால் தோட்டம். பார்த்ததும் மனசு சாய்ந்துவிடும். சாயட்டும், அதில் தப்பில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வீட்டை ஒழுங்காகப் பரிசோதித்துவிட வேண்டும். அதை எப்படிச் செய்விப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறையை வைத்தே எழுதுகிறேன். ஸ்காட்லாந்து முறை வேறு, அதை இடையில் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கல் வீட்டுக்கு வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் தண்ணீர். கூரையிலிருந்து இறங்கும் தண்ணீர், தரையிலிருந்து தெறிக்கும் தண்ணீர், உடைந்த வடிகாலிலிருந்து கசியும் தண்ணீர், வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் தங்கிவிட்ட தண்ணீர். விரிசலையும் உளுத்த மரத்தையும் யாரும் காட்டிவிடுவார்கள். அந்த வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்து எந்த வழியாகப் போகிறது என்று சொல்லத் தெரிந்த சர்வேயரை, அதாவது கட்டடங்களை ஆய்வு செய்யும் நிபுணரை, கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலையில் பாதி.

வங்கி அனுப்பும் ஆளை நம்பி இருக்காதீர்கள்

மார்ட்கேஜ் கேட்டதும் வங்கி ஒரு மதிப்பீடு செய்யும். அது கொடுக்கும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்று வங்கி தனக்காகப் பார்த்துக்கொள்வது. சில சமயம் யாரும் வீட்டுக்குள் கால் வைக்காமலே, கணினியில் விலையை ஒப்பிட்டு முடித்துவிடுவார்கள். அதற்கும் கட்டடத்தின் உறுதிக்கும் சம்பந்தமில்லை.

விற்பவரும் வீட்டின் ஓட்டை உடைசல்களைத் தானாக வந்து சொல்ல வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். மற்றபடி வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும்.

நல்ல வேளையாக, உங்கள் விலையை அவர் ஏற்றுக்கொண்டதாலேயே ஒப்பந்தம் ஆகிவிடாது. இரு தரப்பு சொலிசிட்டர்களும் கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் செய்யும் நாள் வரை யார் வேண்டுமானாலும் விலகலாம். எக்ஸ்சேஞ்சின்போது வழக்கமாக 10 சதவீதம் முன்பணம் கட்டுவீர்கள். அதன் பிறகு பின்வாங்கினால் அந்தப் பணம் போனதுதான். ஆகவே விலை பேசி முடித்த நாளுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடைப்பட்ட வாரங்கள்தான் ஆய்வுக்கான காலம். எஸ்டேட் ஏஜென்ட் அவசரப்படுத்துவார். அது அவர் தொழில், நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து விற்பவரே ‘ஹோம் ரிப்போர்ட்’ ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கிறார். அதற்குள் ஒரு சர்வேயும் இருக்கும். ஆனால் அது நடுத்தர ஆழத்தில் எழுதப்படுவது, பழைய கல் வீட்டுக்குப் போதாது. அங்கே கடிதப் பரிமாற்றம் முடிந்ததும் இரு தரப்பும் கட்டுப்பட்டுவிடுவதால், சொந்த ஆய்வு வேண்டுமென்றால் அதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

சர்வேயருக்கு முன் நீங்கள் போய்ப் பாருங்கள்

ஆயிரம் பவுண்டு செலவழித்து ஆய்வு செய்வதற்கு முன், அந்தச் செலவுக்கு வீடு தகுதியானதுதானா என்று உங்கள் கண்ணாலேயே பாதி தெரிந்துகொள்ளலாம். மழை பெய்யும் நாளில் ஒரு தடவை போங்கள். வெயிலில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். மழையில் கூரையோரப் பீலியின் எந்த இணைப்பு ஒழுகுகிறது, தண்ணீர் சுவரடியில் தேங்குகிறதா, பக்கத்து வயலிலிருந்து ஓடிவருகிறதா என்பதெல்லாம் அப்படியே தெரியும். மழை இல்லாவிட்டால், பீலிக்குக் கீழே சுவரில் பச்சைக் கோடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகுகிற இடத்தை அந்தப் பாசி காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, வெளித்தரை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். இருநூறு வருடங்களில் மண்ணும் பாதையும் பூந்தொட்டி மேடையுமாக ஏறி ஏறி, வெளித்தரை வீட்டுக்குள் இருக்கும் தரையைவிட உயர்ந்திருக்கும். அப்படி இருந்தால் அந்தச் சுவரின் உள்பக்கம் ஓதம், அதாவது சுவரில் ஊறிய ஈரம், இருப்பது ஆச்சரியமே இல்லை.

பிறகு கற்களுக்கு நடுவே உள்ள சாந்தைப் பாருங்கள். விற்பவரிடம் கேட்டுவிட்டு, மூலையில் ஓரிடத்தில் சாவி நுனியால் லேசாகச் சுரண்டிப் பார்க்கலாம். வெளுப்பாகவும் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகளோடும் இருந்து, தூளாக உதிர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறத்தில், சாவியை வழுக்கிவிடும் கடினத்தோடு இருந்தால் சிமெண்ட். காட்ஸ்வோல்ட்ஸ் சுண்ணாம்புக்கல், யார்க்ஷயர் மணற்கல் போன்றவற்றில் சிமெண்ட் வைத்துப் பாயிண்டிங் செய்திருந்தால் சில பத்தாண்டுகளில் ஒரு விசித்திரமான காட்சி தெரியும். கல் அரித்து உள்வாங்கிப் போயிருக்கும், சிமெண்ட் கோடுகள் மட்டும் வரம்பு கட்டியதுபோல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சுவரிலுள்ள ஈரம் கடினமான சிமெண்ட் வழியாக வெளியேற முடியாமல் கல்லின் முகம் வழியாகவே வெளியேறி, உப்பும் உறைபனியும் சேர்ந்து கல்லைத் தின்றதன் அடையாளம் அது. இதைப் பார்த்தால் ஓடிவிட வேண்டியதில்லை, குறித்துக்கொள்ளுங்கள். சர்வேயரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கிடைத்துவிட்டது.

சுவர் மூலையில் கன்னத்தை ஒட்டிவைத்து, நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தால் தெரிந்துவிடும். உள்ளே போனால் மூக்கையும் பயன்படுத்துங்கள். பூஞ்சை நாற்றம், புதிதாக அடித்த பெயிண்ட் ஒரே ஒரு சுவரில் மட்டும், அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள், மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஈரம் உறிஞ்சும் மெஷின் எல்லாம் தகவல்கள். மாடித் தரை சரிவாக இருப்பது பழைய வீட்டில் சகஜம். ஆனால் சரிவு எந்தப் பக்கம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆய்வு, எந்த ஆள்

சர்வேயர்களின் தொழில்முறை அமைப்பான ஆர்ஐசிஎஸ், வீட்டு ஆய்வுகளை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறது. 2021 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது. முதல் நிலை புது வீடுகளுக்கு, இரண்டாம் நிலை வழக்கமான நவீன வீடுகளுக்கு. பழைய கல் வீட்டுக்கு மூன்றாம் நிலைதான். இதில் யோசிக்கவே வேண்டாம். ‘பில்டிங் சர்வே’, ‘ஃபுல் ஸ்ட்ரக்சுரல் சர்வே’ என்று இன்னும் பழைய பெயரால் சொல்பவர்களும் உண்டு. செலவு சுமார் ஆயிரம் பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வீடு, தூரத்து ஊர், பல தடவை நீட்டிக் கட்டிய வீடு என்றால் கூடும்.

ஆனால் ‘லெவல் த்ரீ’ என்று கேட்டு வாங்குவதோடு வேலை முடியவில்லை. அதே கட்டணத்துக்கு, 1960-களுக்குப் பின் கட்டிய வீடுகளையே பார்த்துப் பழகிய ஒருவரும் வருவார். அவர் கல் சுவரை நவீனச் சுவராக நினைத்து அளப்பார். தரை ஈரம் ஏறாமல் சுவரடியில் வைக்கும் தடுப்பு அடுக்கு இல்லை என்பதை ஒரு குறையாக எழுதுவார், ஈரமானியைச் சுவரில் குத்திச் சிவப்பு விளக்கு எரிந்ததும் ‘ஓதத் தடுப்பு நிறுவனத்தை அழைக்கவும்’ என்று முடித்துவிடுவார். எதையும் உறுதியாகச் சொல்லாமல் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு நிபுணரைப் பாருங்கள் என்று தள்ளிவிடும் அறிக்கைக்குக் கொடுத்த பணம் வீண்தான்.

எனவே பணம் கட்டுவதற்கு முன் போனில் பேசுங்கள். எஸ்டேட் ஏஜென்ட் சிபாரிசு செய்யும் ஆளை நான் எடுக்கமாட்டேன். விற்பனை நடந்தால்தான் ஏஜென்ட்டுக்குக் காசு. ஆர்ஐசிஎஸ் தளத்தில் ஊர் வாரியாகத் தேடலாம், கட்டடப் பாதுகாப்புக்கான தனி அங்கீகாரம் பெற்றவர்களையும் அங்கே காணலாம். 1877-இல் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், ‘ஸ்பாப்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள், பழைய வீட்டுக்காரர்களுக்கு வழிகாட்டுவதையே வேலையாகச் செய்கிறது. அவர்களுடைய குறிப்புகளைப் படித்துவிட்டுப் போனில் பேசினால் உங்கள் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும்.

போனில் இதையெல்லாம் கேளுங்கள்: இந்த வட்டாரத்துக் கல் வீடுகளை எவ்வளவு காலமாகப் பார்க்கிறீர்கள்? வீட்டுக்கு நீங்களே வருவீர்களா, வேறு ஆள் வருவாரா? கூரைக்குள் ஏறிப் பார்ப்பீர்களா? அறிக்கை வந்த பிறகு உங்களோடு பேசலாமா? கடைசியாக, ‘சுவரில் ஈரம் இருந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?’ பீலி, வெளித்தரை உயரம், வடிகால், சிமெண்ட் பூச்சு என்று அவர் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால் உங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டார். சுவருக்கு ஊசி போட்டு ஈரம் தடுக்கும் ரசாயனம் ஏற்றலாம் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.

கட்டமைப்புப் பொறியாளர் எப்போது வேண்டும் என்று பலர் குழம்புகிறார்கள். சர்வேயர் வீடு முழுவதையும் பார்க்கிறார். பொறியாளர் குறிப்பிட்ட ஒரு சிக்கலை, உதாரணமாகச் சாய்ந்த சுவரையோ வளைந்த உத்திரத்தையோ, கணக்குப் போட்டுப் பார்க்கிறார். முதலில் சர்வேயர், அவர் கைகாட்டினால் பொறியாளர் என்ற வரிசையே நல்லது. பழங்கட்டடங்களில் தேர்ந்த பொறியாளர்களுக்கு ‘கேர்’ என்ற தனிப் பதிவேடு இருக்கிறது. நவீனக் கட்டடப் பொறியாளர் கான்கிரீட்டும் இரும்பும் எழுதித் தரும் இடத்தில், இவர்கள் நாலு கல்லை எடுத்துத் திரும்ப வைத்தால் போதும் என்று சொல்வதும் உண்டு.

ஆய்வு நாளுக்கு முன்

மூன்றாம் நிலை ஆய்வும் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் பார்க்கும். சுவரை உடைக்கமாட்டார்கள், ஆணியடித்த கார்ப்பெட்டைத் தூக்கமாட்டார்கள், கனமான அலமாரியை நகர்த்தமாட்டார்கள். அறிக்கையில் ‘பார்க்கவில்லை’ என்று வரும் இடங்கள் எத்தனை என்பது, நீங்கள் முன்கூட்டி எவ்வளவு ஏற்பாடு செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏஜென்ட் வழியாக விற்பவரிடம் கேட்டு வையுங்கள்: கூரைக்குப் போகும் வழி திறந்திருக்க வேண்டும், கொட்டகைகளின் சாவி வேண்டும், படிக்கட்டுக்குக் கீழுள்ள சாமான்களை எடுத்து வைக்க வேண்டும், கார்ப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்க அனுமதி வேண்டும், செப்டிக் டேங்க் மூடி எங்கே என்று காட்ட வேண்டும். நீங்கள் குறித்து வைத்த சந்தேகங்களையும் படங்களோடு சர்வேயருக்கு முதல் நாளே அனுப்பிவிடுங்கள். வீட்டில் என்ன மாற்றம் செய்யப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சமையலறைச் சுவரை எடுக்கும் எண்ணம் இருந்தால் அவர் அந்தச் சுவரை வேறு கண்ணோடு பார்ப்பார்.

வேலை முடியும் நேரத்தில் நீங்களும் போய் நில்லுங்கள். முழு நேரமும் கூடவே சுற்றினால் அவருக்குத் தொந்தரவு. கடைசி ஒரு மணி நேரம் போதும். எழுத்தில் அளந்து வைக்கும் வார்த்தைகளை நேரில் கொஞ்சம் தளர்வாகச் சொல்வார்கள். ‘உங்கள் சொந்தப் பணமாக இருந்தால் எதை முதலில் செய்வீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

சுவர்

ஒரு பழைய கல் சுவர் பெரும்பாலும் ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி கனம். ஆனால் அது முழுக்கக் கட்டிய கல் அல்ல. வெளியே ஒரு கல் முகம், உள்ளே ஒரு கல் முகம், நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியது. இரண்டு முகங்களையும் கோத்துப் பிடிக்க அங்கங்கே நீளக் கற்களைக் குறுக்கே வைத்திருப்பார்கள். அவை குறைவாக இருந்து, மேலிருந்து தண்ணீரும் இறங்கினால், நடுவிலுள்ள நிரப்பு கரைந்து கீழே இறங்கி வெளி முகத்தைத் தள்ளும். வயிறு தள்ளுவது அப்படித்தான். வெளி முகம் மட்டும் பிரிந்திருக்கிறதா, முழுச் சுவருமே சாய்ந்திருக்கிறதா என்பதைச் சர்வேயர் சொல்ல வேண்டும். முதலாவது, அந்த இடத்தை மட்டும் பிரித்துக் கட்டுகிற வேலை. இரண்டாவது என்றால் கூரை, அஸ்திவாரம், தரை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

வெளிச்சுவரில் எஸ் வடிவத்திலோ பெருக்கல் குறி வடிவத்திலோ வட்டமாகவோ இரும்புத் தகடுகள் தெரியலாம். சுவர் வெளியே சரியாமல் இருக்க, உள்ளே கம்பி கோத்து இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். பார்த்து மிரள வேண்டாம், நூறு வருடத்துக்கு முன்பே போட்டதாகவும் இருக்கலாம். போட்ட பிறகு நகர்வு நின்றுவிட்டதா என்பதே கேள்வி.

விரிசலுக்கு இங்கே பொதுவாக ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனமான பிஆர்இ வகுத்தது. 5 மி.மீ. வரை உள்ளவை பெரும்பாலும் பூசிச் சரிசெய்யக்கூடியவை. 5 முதல் 15 மி.மீ. வரை கவனிக்க வேண்டியவை, 15-க்கு மேல் பெரிய பழுது, 25-ஐத் தாண்டினால் சுவரின் நிலைப்பே சந்தேகம். ஒரு பவுண்டு நாணயத்தின் கனம் கிட்டத்தட்ட 3 மி.மீ., கையில் அதை வைத்துக்கொண்டால் ஒரு கணக்குக் கிடைக்கும். ஆனால் அகலத்தைவிட வயது முக்கியம். விரிசலுக்குள் அழுக்கும் ஒட்டடையும் பழைய பெயிண்டும் இருந்தால் அது எப்போதோ நடந்து முடிந்தது. விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் இப்போது நகர்கிறது. நகர்கிறது என்றால் ஏன்? உடைந்த வடிகால் மண்ணை அரிக்கிறதா, களிமண் நிலத்தில் பக்கத்து மரம் நீரை உறிஞ்சுகிறதா, யாராவது உள்சுவரையோ கணப்பின் அடிப்பகுதியையோ எடுத்துவிட்டார்களா? காரணம் எழுதாத அறிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள், திருப்பிக் கேளுங்கள்.

ஜன்னல் தலைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே அழகான கல் தெரியும், அதற்குப் பின்னால் சுவரின் உள்பாதியைத் தாங்குவது மரச்சட்டம். அது ஈரத்தில் இற்றிருந்தால் ஜன்னலுக்கு மேலே சாய்வாக ஒரு விரிசல் ஓடும்.

ஓதம் பற்றிக் கொஞ்சம் விரிவாக

அதிகப் பணம் வீணாவது இங்கேதான். பழைய கல் சுவர் ஈரத்தைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. கொஞ்சம் உள்வாங்கிக்கொண்டு, காற்று அடிக்கும்போது வெளியே விட்டுவிடும். அதைச் சாத்தியமாக்குவது சுண்ணாம்பு. செட்டிநாட்டு வீடுகளிலும் யாழ்ப்பாணத்துப் பழைய சுண்ணக்கல் வீடுகளிலும் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசியவர்கள், பூச்சு உப்பிக் கழன்று விழுவதைப் பார்த்திருப்பார்கள். இங்கேயும் அதே கதைதான், குளிரும் மழையும் கூடுதல். வெளியே சிமெண்ட் பூச்சு, உள்ளே ஜிப்சம் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் என்று இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால், ஒரு மயிரிழை விரிசல் வழியாக உள்ளே போன மழைநீருக்கு வெளியே வர வழியில்லை.

சர்வேயர் கையிலுள்ள சிறிய ஈரமானி மரத்துக்காகத் தயாரிக்கப்பட்டது. கல்லிலும் பூச்சிலும் உப்பு இருந்தால் ஈரம் இல்லாவிட்டாலும் அது எகிறும். அதன் எண்ணை வைத்துக்கொண்டு மட்டும் ‘தரையிலிருந்து ஏறும் ஓதம்’ என்று தீர்ப்பு எழுதக்கூடாது. சில்லுக்கல் நிரப்பிய தடித்த சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்றுவதும் அப்படித்தான். நடுவே பொந்தும் மண்ணுமாக இருக்கும் சுவரில் அது ஒரே சீராகப் பரவித் தடுப்பாக நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2022-இல் பழங்கட்டடங்களைக் கவனிக்கும் பொது அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, ஆர்ஐசிஎஸ், ஓதத் தொழில் செய்பவர்களின் சங்கம் மூன்றும் சேர்ந்தே, பாரம்பரியக் கட்டடங்களில் முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு வைத்தியம் பாருங்கள் என்று அறிக்கை வெளியிட்டிருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பெனைன் மலைப் பக்கம் ஒரு மணற்கல் வீடு பார்த்தது. வரவேற்பறைச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஈரம். இலவசமாகப் பார்க்கிறேன் என்று வந்த ஒரு நிறுவனம், பூச்சையெல்லாம் பெயர்த்து, ஊசி போட்டு, நீர் புகாத பூச்சுப் பூசப் பல ஆயிரம் பவுண்டுக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தது. பிறகு, பழங்கட்டடம் தெரிந்த சர்வேயர் வந்து வெளியே போய்ப் பார்த்தார். அந்தச் சுவரை ஒட்டி யாரோ பூச்செடிக்காக மண் கொட்டி மேடை கட்டியிருந்தார்கள், அதற்கு நேர் மேலே இறங்குகுழாய் ஓர் இணைப்பில் பிளந்திருந்தது. வாங்கிய பிறகு அவர்கள் செய்தது, மேடையை எடுத்தது, குழாயை மாற்றியது, அந்தப் பகுதியின் சிமெண்ட்டைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பு வைத்தது. பிறகு காத்திருந்தார்கள். அவ்வளவு தடித்த சுவர் காய ஒரு கோடையைத் தாண்டியும் ஆகும், பொறுமை வேண்டும்.

கூரையும் மரமும்

காட்ஸ்வோல்ட்ஸ் கல் ஓடு மிகக் கனமானது. வேல்ஸ் ஸ்லேட் அதைவிட மெல்லியது. மெல்லிய ஸ்லேட்டுக்காகப் போட்ட மரத்தின்மேல் பிற்காலத்தில் கான்கிரீட் ஓட்டை ஏற்றியிருந்தால் முகடு நடுவில் தொய்யும். தெருவுக்கு எதிர்ப்புறம் நின்றே அதைப் பார்க்கலாம். இன்னொன்று, மாடியில் அறை எடுப்பதற்காகக் கைமரங்களைக் குறுக்கே பிணைத்திருந்த சட்டங்களை அறுத்துவிட்டிருப்பார்கள். விரித்த புத்தகத்தை வழுக்கும் மேசையில் கவிழ்த்து வைத்தால் இரண்டு அட்டையும் வெளியே நழுவுவதுபோலக் கைமரங்களின் கால்கள் சுவர் உச்சியை வெளியே தள்ள ஆரம்பிக்கும். சுவரின் மேல்பகுதி வெளியே சாய்ந்திருப்பதற்கும் மாடி அறைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று சர்வேயரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

ஓடுகள் நிறைய நழுவியிருந்தால் பெரும்பாலும் ஆணி துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். அங்கங்கே ஒட்டுப் போடுவதில் பயனில்லை, முழுக்கப் பிரித்து அடுக்க வேண்டியிருக்கும். கூரையின் உள்பக்கம் நுரை தெளித்து ஒட்டியிருந்தால் இன்னும் கவனம். மரத்தைப் பார்க்கவே முடியாது, பல வங்கிகள் கடனும் தராது.

மரத்தில் ஓட்டைகளைக் கண்டதும் பதற வேண்டாம். 1 முதல் 2 மி.மீ. ஓட்டைகள் சாதாரண மரவண்டு போட்டவை, பெரும்பாலும் எப்போதோ செத்துப்போன கதை. ஓட்டையடியில் புதுத் தூள் உதிர்ந்திருந்தால்தான் இப்போதும் வேலை நடக்கிறது. ஈரமான ஓக் மரத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. ஓட்டை என்றால் அது வேறு வண்டு, உள்ளுக்குள் ஆழமாகத் தின்னும், அதைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வேயர் ஊசியால் குத்திப் பார்க்க வேண்டிய முக்கியமான இடம், உத்திரங்களின் முனை சுவருக்குள் நுழையும் இடம். நடுவில் இரும்பாக இருக்கும் மரம், ஈரச் சுவருக்குள் போகும் கடைசி ஒரு சாணில் இற்றுப்போயிருக்கும். ஊசி தடையில்லாமல் உள்ளே போகும்.

கூரைக்குள் வௌவால் இருந்தால் அவை சட்டப்பாதுகாப்பு பெற்றவை. உரிய அனுமதி இல்லாமல் இருப்பிடத்தைக் கலைக்க முடியாது, அவற்றைக் கணக்கெடுக்கும் காலமும் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான். கூரை வேலை ஒரு வருடம் தள்ளிப்போகலாம் என்று திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வெளியே

கட்டட ஆய்வில் இவை முழுதாக வராது, தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஊர்ச் சாக்கடை இணைப்பு இல்லாவிட்டால் செப்டிக் டேங்க்கைத் தனி ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் செப்டிக் டேங்க் கழிவை நேராக ஓடையில் விடுவதற்கு 2020 ஜனவரிக்குப் பிறகு இடமில்லை, மாற்றும் செலவு ஆயிரங்களில். வடிகாலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு ஆகும் சில நூறு பவுண்டு மிக நல்ல செலவு. ஊற்று நீரோ ஆழ்துளைக் கிணறோ என்றால் தண்ணீர்ப் பரிசோதனை. கார்ன்வால், டெவன், டெர்பிஷயர் போன்ற இடங்களில், நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானின் அளவு. மின்சாரத்துக்குத் தனி எலக்ட்ரீஷியனின் இஐசிஆர், அதாவது வயரிங்கின் நிலையைச் சொல்லும் அறிக்கை. சுரங்கம், வெள்ளம் பற்றிய தேடல்களைச் சொலிசிட்டர் எடுப்பார். கார்ன்வாலிலும் டெவனிலும் வீட்டின் பின்பகுதியைச் சிமெண்ட் கல்லால் நீட்டியிருந்தால் ‘மண்டிக்’ பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். சுரங்கக் கழிவைக் கலந்து செய்த பழைய கான்கிரீட் உள்ளிருந்தே சிதையும். அது தெரியாமல் அங்கே வங்கி கடன் தராது.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று இங்கிலாந்தில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து தளத்திலும் வேல்ஸில் அதேபோன்ற அமைப்பான ‘காடு’ (Cadw) தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். பட்டியலில் இருந்தால், அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றுவது குற்றம். வெளிப்புறம் மட்டுமல்ல, உள்புறமும் சேர்த்துத்தான். முன்பு இருந்தவர் அனுமதி வாங்காமல் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டிருந்தாலும், அதை மாற்றச் சொல்லி நோட்டீஸ் வருவது இன்றைய சொந்தக்காரருக்குத்தான், அதற்குக் காலவரம்பும் இல்லை. வீட்டில் நவீனமாகத் தெரியும் ஒவ்வொன்றையும் சர்வேயர் பட்டியல் போட்டுத் தரட்டும், அனுமதிக் கடிதங்கள் இருக்கின்றனவா என்று சொலிசிட்டர் கேட்கட்டும். இந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளமாட்டார்கள், அறிக்கையைச் சொலிசிட்டருக்கு அனுப்பி வைப்பது உங்கள் வேலை.

அறிக்கை வந்த பிறகு

ஐம்பது, அறுபது பக்கம் வரும். 1, 2, 3 என்று பச்சை, மஞ்சள், சிவப்புக் குறி இருக்கும். பழைய வீட்டில் சிவப்பு நிறைய வருவது இயல்பு. சான்றிதழ் இல்லாத மின்சாரத்துக்கும் சிவப்புதான், சரியும் சுவருக்கும் சிவப்புதான். எனவே நிறத்தை எண்ணாதீர்கள். ஒரு தாளை எடுத்து மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: வாங்குவதற்கு முன் தெரிந்தே ஆக வேண்டியவை, முதல் வருடத்தில் செய்ய வேண்டியவை, மெல்லச் செய்யலாம் என்பவை. ‘பார்க்கவில்லை’ என்று இருப்பதை எல்லாம் முதல் வரிசையில் போடுங்கள். பிறகு சர்வேயரைப் போனில் பிடித்து அந்தத் தாளை வாசித்துக் காட்டுங்கள், வரிசையை அவர் திருத்தட்டும்.

முதல் வரிசைக்கு மட்டும் விலை வாங்குங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார், கூரைக்காரர், தேவைப்பட்டால் பொறியாளர். சொல்லும் விலையில் 20 சதவீத வாட் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பட்டியலிடப்பட்ட வீட்டின் மாற்று வேலைகளுக்கு முன்பிருந்த வாட் சலுகையும் 2012 அக்டோபரோடு போய்விட்டது. சுண்ணாம்புப் பூச்சு உறைபனிக் காலத்தில் ஆகாது, நல்ல கொத்தனார்களிடம் மாதக்கணக்கில் வரிசை இருக்கும்.

விலை குறைத்துக் கேட்பது தப்பே இல்லை. ‘சர்வே மோசமாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் கொத்தனார் எழுதிக் கொடுத்த விலையையும் சேர்த்து அனுப்பி, இன்ன தொகை குறைய வேண்டும் என்று கேளுங்கள். வீட்டைப் பார்த்த அன்றே கண்ணில் தெரிந்த குறைக்காகக் கேட்காதீர்கள், அதற்குத்தான் ஏற்கனவே விலை பேசினீர்கள் என்பார்கள். விற்பவரே பழுதுபார்த்துத் தருகிறேன் என்றால் நான் வேண்டாம் என்பேன். விற்றுவிட்டுப் போகிறவர் மலிவான சிமெண்ட்டில்தான் முடிப்பார். பணமாகக் குறைத்துக்கொண்டு நீங்களே சரியாகச் செய்வது மேல்.

விலகிவிட வேண்டிய வீடுகளும் உண்டு. நகர்வு நடந்துகொண்டிருக்கிறது, காரணம் யாருக்கும் தெரியவில்லை, திறந்து பார்க்க விற்பவர் விடவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் ஆய்வுக்குச் செலவழித்த பணத்தை மறந்துவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்குவது என்று முடிவானால், திரும்பக் கட்ட ஆகும் செலவைச் சர்வேயரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல் வீட்டுக்கு அது சந்தை விலையைவிடக் கூடுதலாகவும் வரலாம், காப்பீட்டை அந்தத் தொகைக்குத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் எக்ஸ்சேஞ்ச் ஆன அன்றிலிருந்தே வீட்டுக்கு நேரும் சேதம் உங்கள் பொறுப்பு, சாவி கைக்கு வரும் நாளிலிருந்து அல்ல. காப்பீடும் அன்றே தொடங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பழைய நகர்வு பற்றி அறிக்கையில் இருப்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மறைக்காமல் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகே சொலிசிட்டருக்குச் சரி சொல்லுங்கள்.